யாழ்ப்பாணத்துக் கிணற்றிறைப்பு

இலங்கையின் நீர்ப்பாசன வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குளங்களைப் பற்றியே எழுதினர். அது வியப்புக்குரியதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவாவியும், அதிலிருந்து அநுராதபுரம்வரை 54 மைல் தூரம் நீர் கொண்டுசென்ற ஜயகங்கை என்னும் கால்வாயும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொலனறுவையில் அமைத்த பராக்கிரம சமுத்திரமும் எவரையும் நின்று பார்க்கச் செய்வன. ஜயகங்கையின் முதற் பதினேழு மைல் தூரத்தில் வாய்க்காலின் வாட்டம் மைலுக்கு 6 அங்குலமே என்பர். குளத்து நீரின் அமுக்கத்தை அடக்கி, அதனை அளவாக வெளியே விடும் பிசோகொட்டுவ என்னும் மதகுக் கிணறுகளை ஆராய்ந்தவர் ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். இக்காலத்து மதகுக் கோபுரங்களுக்கு அவையே முன்னோடி என்று 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். அரசர் கட்டிய குளங்களுக்கு மகாவம்சம் உண்டு, கல்வெட்டுக்களும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் வெட்டிய கிணற்றுக்கு அத்தகைய வரலாறு ஒன்றும் இல்லை. ஆயினும், ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத ஒரு குடாநாட்டிலே பெருந்தொகையான மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பயிர் செய்து வாழ்ந்திருக்கின்றனர் என்றால், அதற்கு ஆதாரமாய் நின்றது அந்தக் கிணறும் அதன்மேல் நின்ற துலாவுமேயாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்பது முழு உண்மையன்று. வலிகாமத்திலே வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. ஆனால் அது மாரியில் மட்டும் ஓடிக் கோடையில் தடமாய்க் கிடப்பது. ஆண்டு முழுவதற்கும் பெய்யும் ஏறத்தாழ 50 அங்குல மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. தை பிறந்தபின் வானத்தை நம்பியிருப்பவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். நெல்வயல் மழையை நம்பி விதைக்கப்படும். வரம்பு கட்டி மழைநீரைத் தேக்கி ஒரு போகம் எடுப்பர். புகையிலை, வெங்காயம், மிளகாய், குரக்கன், மரக்கறி ஆகிய தோட்டப் பயிர்களெல்லாம் கிணற்று நீரிலேயே விளைந்தன. யாழ்ப்பாணத்தார் பேச்சிலே வயல் வேறு, தோட்டம் வேறு. தோட்டம் என்றால் கிணறு உள்ள நிலம் என்பதே பொருள்.

இந்நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் செம்மண்ணூடு இறங்கி, அக்கல்லின் வெடிப்புக்களிலும் குடைவுகளிலும் தங்குகிறது. சுற்றிலும் கடலும் கடனீரேரியும் இருப்பதனால், கடல்நீரும் அதே கல்லின் துவாரங்கள் வழியாக நிலத்தடியே உட்புகுந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கெட்டுவிடாதது ஏன் என்றால், கடல்நீர் நன்னீரைக் காட்டிலும் நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகையால் நன்னீர் மேலே மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நடுவில் தடித்துக் கரையோரம் மெலிந்து, கண்ணாடி வில்லையைப் போல அந்த நன்னீர்த் திரள் உவர்நீரின்மேல் மிதக்கிறது. இக்கணக்கின் மறுபக்கந்தான் அஞ்சத்தக்கது. இறைத்திறைத்து மேலே ஓரடி நீரைக் குறைத்தால், நாளடைவிற் கீழே உவர்நீர் 40 அடி உயர்ந்து வரும்.

இவ்வுண்மையைக் கணித முறையில் முதன்முதல் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் பாடோன் கைபன் என்னும் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர். அவர் அதனை எழுதியது 1889ஆம் ஆண்டளவிலாகும். ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியர், நோடர்னை என்னும் வடகடற் றீவிலே கிணறு தோண்டியபோது கண்டவற்றைக் கொண்டு 1901இல் அதே முடிவுக்கு வந்தார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டு, காணிகளையெல்லாம் அளந்து தோம்பில் எழுதிவைத்தவர்கள். தாம் அளந்த அந்நிலத்தின் அடியிலே மிதந்த நீரைப் பற்றிய கணக்கை அவர்கள் நாட்டவர் ஒருவர் கண்டது, அவர்கள் இங்கிருந்து போய் ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்த பின்னராகும்.

ஏட்டிற் கணக்கு இல்லாவிடினும் ஊரவர்க்கு விஷயம் தெரிந்தே இருந்தது. புத்தூர்ப் பக்கத்திலுள்ள நிலாவரைக் கிணறு அதற்குச் சான்று. இராமபிரான் அம்பை ஊன்றி நீர் எடுத்த இடம் என்று ஐதிகம் கூறும் அக்கிணறு 150 அடிக்கு மேற்பட்ட ஆழமுடையது. மேலே அள்ளினால் நன்னீர்; ஆழத்திலே உவர்நீர். சேர் எமர்சன் ரெனன்ற் என்பார் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலிலே இக்கிணற்றை விரித்து எழுதியிருக்கிறார். கீரிமலையிலே கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊற்றெடுப்பதும் இதே கல்லின் செயல்தான். நீராடி மகிழ்வோர்க்கு அது புண்ணிய தீர்த்தம். நீரைக் கணக்கெடுப்பவர்க்கோ, மாரியில் நிலத்துட் புகுந்த நீர் எவ்வளவு விரைவாகக் கடலுக்கு வழுவிப் போகிறது என்பதைக் காட்டும் குறி.

ஆகவே யாழ்ப்பாணத்திலே கிணறு வெட்டுவோன் ஆழ வெட்டுவதனாற் பயனில்லை. நீர் கண்டபின் இன்னும் சில அடி தோண்டி நிறுத்துவதே அறிவு. மேலிருக்கும் செம்மண்ணை அகற்றியதும் கல் எதிர்ப்படும். அலவாங்கும் சுத்தியலும் கொண்டு, பிற்காலத்திலே வெடிமருந்தும் கொண்டு, அக்கல்லை உடைத்து இறங்குவர். உடைத்தெடுத்த கல்லே வேலிக்கும் வீட்டுக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் உதவியது. வலிகாமத்தின் பல ஊர்களிலே 15 முதல் 30 அடி ஆழத்தில் நீர் காணப்படும்.

அந்நீரை மேலே கொண்டுவரும் கருவிதான் துலா. கிணற்றருகே இரு ஆடுகால்கள் நிற்கும். நாட்டிய மரமாகவும் இருக்கலாம், நிற்கிற பூவரசாகவும் இருக்கலாம். அவற்றின் நடுவே அச்சுக் கோத்துப் பனைமரத் துலாவை ஏற்றுவர். கிணற்றுப் பக்கத்து நுனியிலே கொடி கட்டி, அதன் முனையிற் பனையோலையால் இழைத்த பட்டை தொங்கவிடப்படும். துலா மிதிப்பவன் அத்துலாவின்மேலேயே ஏறி நடப்பான். அவன் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை நீரில் இறங்கும். பின்புறம் நடந்தால் நிறைந்த பட்டை மேலெழும். கிணற்று வாயிலே நிற்பவன் கொடியைப் பிடித்து இறக்கி, மேல்வந்த பட்டையைக் கவிழ்ப்பான். நீர் வாய்க்கால் வழியே ஓடும். தோட்டத்துக்குள்ளே மண்வெட்டியோடு நிற்கும் மூன்றாமவன், ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை அடைத்து அடுத்த பாத்தியின் வாயைத் திறப்பான். இதற்குத் தண்ணீர் மாறுதல் என்று பெயர். மேலே நடப்பவனுக்கு வேண்டியது சமநிலை. கீழே நிற்பவனுக்கு வேண்டியது கைத்திறன். தண்ணீர் மாறுபவனுக்கு வேண்டியது பொறுமையும் கண்ணும். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலையே கிடைக்கும்.

துலா யாழ்ப்பாணத்துக்கே உரியதென்று சொல்வதற்கில்லை. தமிழகத்திலே அது ஏற்றம் எனப்படும். எகிப்து நாட்டிலே அது ஷாதூப். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் நைல் நதிக்கரைத் தோட்டக்காரர் அதனைக் கொண்டு நீர் முகப்பதைக் காணலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழ்கிணறுகளிலே எருதுகளைப் பூட்டித் தோற்சாலால் இறைக்கும் கவலை பெருவழக்காயிருந்தது. தமிழகத்து ஏற்றக்காரர் பாடிய ஏற்றப்பாட்டுக்களோ களைப்பை ஆற்றுவதற்கு மட்டும் எழுந்தனவல்ல. எத்தனை சால் இறைத்தாயிற்று என்று எண்ணுவதற்கும் அவை பயன்பட்டன. பாட்டே அங்கு அளவுகோல்.

அளவு என்ற சொல்லிலேதான் இவ்வரலாற்றின் உயிர் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி பரப்புக் கணக்கில் அளக்கப்படுவது. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஒரு பரப்பு நிலத்துக்கு ஓர் அங்குல நீர் பாய்ச்ச வேண்டுமாயின் ஏறத்தாழ 1,400 கலன் நீர் வேண்டும். பட்டை ஒன்று 5 கலன் கொள்ளும் என வைத்துக்கொண்டால், அது 280 பட்டை நீராகிறது. நிமிடத்துக்கு 5 பட்டை வீதம் ஓயாமல் இறைத்தாலும் ஒரு மணி நேரம் செல்லும். வெயில் ஏறுமுன் விடியற்காலையிலே தொடங்கிய மூன்று பேர் நாலைந்து பரப்பை நனைத்துவிட்டுக் கால் சோர்ந்து இறங்குவர். மறுநாள் வேறு பாத்திகள். செம்மண் நீரை விரைவாக உறிஞ்சி இறக்கிவிடும் மண்ணாகையாற் சில நாட்களுக்கொருமுறை இதே நிலத்துக்கு மீளவும் வரவேண்டும். இதனால் தோட்டக்காரன் தன் வீட்டாருடைய கைகாலுக்கு ஏற்ற அளவு நிலத்தையே செய்தான். பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணிலே தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்து, மண் நீரைப் பிடித்து வைத்திருக்கும்படி பண்ணினான். ஒரு பட்டை நீர் எவ்வளவு வியர்வைக்குச் சமம் என்பது தெரிந்தவன் நீரை வீணாக ஓடவிடான்.

கிணற்றுக்கும் இதனால் ஒரு காவல் கிடைத்தது. பகல் முழுவதும் துலா மிதித்தாலும் நீர்மட்டம் அதிகம் தாழ்வதில்லை. இரவிலே ஊறி மீண்டுவிடும். உவர்நீர் கீழே தன் இடத்திலேயே நின்றது. எந்தச் சட்டமும் இடாத எல்லையை மனிதனுடைய களைப்பு இட்டது.

ஆனால் அக்களைப்பு யாருடையது என்ற கேள்வியைத் தாண்டிப் போவதற்கில்லை. சிறு தோட்டக்காரன் தன் மக்களோடு தானே இறைத்தான். பெருநிலம் உடையார்க்கோ பிறர் இறைத்தனர். யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரிலே பெருஞ்சந்தை இருந்தது. மழை ஓய்ந்தபின் நாட்கணக்கிலே தண்ணீர் கேட்கும் அப்பயிரை வளர்த்த உழைப்பிற் பெரும்பங்கு, அடிமைகளாகவும் குடிமைகளாகவும் நடத்தப்பட்ட நளவர், பள்ளர் முதலிய மக்களுடையது. அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கட்டுப்பாடு அத்துடன் ஒழிந்துவிடவில்லை. ஒருவன் விடியுமுன் வந்து ஆயிரம் பட்டை நீர் இறைத்துக் கொடுத்த கிணற்றிலே, தன் வீட்டுக்கு ஒரு குடம் நீர் அள்ளுவதற்கு அவனுக்கு உரிமை இல்லை. அவன் மனைவி குடத்தோடு நின்று, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் கிணற்றடிகளிலே வழக்கம் மெதுவாகவே மாறியது. துலாவின் காலத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் துலாவின்மேல் நின்றவனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கிணற்றுரிமை பற்றி யாழ்ப்பாணத்தாரிடம் நுட்பமான வழக்குகள் இருந்தன. ஒல்லாந்தர் காலத்திலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் பார்த்து ஒப்புக்கொண்ட அத்தொகுப்பே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். முதுசமும் சீதனமுமாய்த் தலைமுறைதோறும் நிலம் துண்டு துண்டாய்ப் பிரிந்தது. ஆனால் கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே நிலத்துக்கு எல்லை சொல்லும் உறுதியிலேயே, கிணற்றில் இன்ன பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று நொத்தாரிசு எழுதினார். எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று அப்பங்கு குறுகிக்கொண்டே போகும். அப்பங்கு நடைமுறையிலே நாள்முறையாக வரும்: இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு. அயலவன் காணியூடே நீர் ஓடும் வாய்க்காலை அடைத்தல் ஆகாது. கிணற்றடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை வேலியிட்டு மறித்தல் ஆகாது. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களிலே வழிவாய்க்கால் வழக்குகள் மலிந்திருந்தமைக்கு ஊராரின் வழக்காடும் ஆசை மட்டும் காரணமன்று. ஒரு வாய்க்கால் அடைபட்டால் ஒரு குடும்பத்தின் ஆண்டு விளைவு போய்விடும்.

எனினும் இவ்வழக்குகளிலே ஒரு குறை இருந்தது. அக்குறை நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. இன்னின்னார் எப்போது இறைக்கலாம் என்று அவை சொல்லின. எவ்வளவு இறைக்கலாம் என்று சொல்லவில்லை. குளத்துப் பாசனத்திலே நிலைமை வேறு. குளத்து நீர் கண்ணுக்குத் தெரியும். எத்தனை அடி நீர் நிற்கிறது என்று கட்டில் ஏறிய எவரும் சொல்லிவிடலாம். நீர் குறைந்த ஆண்டிலே சிறுபோகத்துக்கு வயல் முழுவதையும் விதைக்காமல், குளத்தை அடுத்த ஒரு பகுதியை மட்டும் எல்லாரும் பங்கிட்டு விதைக்கும் ஏற்பாடு சிங்கள ஊர்களிலே பெத்ம என்று வழங்கியது. மதகைத் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் கமக்காரர் கூடித் தீர்மானித்தனர், விதானைமார் நிறைவேற்றினர். தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் 1856இல் இயற்றுவித்த நீர்ப்பாசனச் சட்டம் நெல்வயல் பற்றிய இத்தகைய பழைய வழக்கங்களை மீட்டெடுத்து நடைமுறைப்படுத்துவதற்கென்றே வந்தது. நிலத்தடி நீருக்கு அப்படி ஒரு கூட்டமும் இல்லை, விதானையும் இல்லை. ஒவ்வொரு கிணறும் தனித்தனி என்று மேலே நிற்பவர்க்குத் தோன்றும். கீழே கல்லின் வெடிப்பு வழியாக எல்லாக் கிணறும் ஒரே நீர்த்திரளிலே வாய்வைத்துக் குடிக்கின்றன.

துலாவுக்கு அடுத்துச் சில தோட்டங்களிலே சூத்திரம் வந்தது. பல்லுருளைகளைப் பூட்டி எருது சுற்றிவர, சங்கிலியிற் கோத்த வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரை மேலே கொணர்ந்து கொட்டும். அதற்கும் எருதின் களைப்பு எல்லையாயிற்று. அவ்வெல்லையை உடைத்தது மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பி. 1950களிலே பரவத் தொடங்கிய பம்பிகள் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டமெங்கும் ஒலித்தன. சிறிய பம்பி ஒன்று மணிக்கு 5,000 கலனுக்கு மேலும் இறைத்துத் தள்ளும். முறைக்கு மூன்று ஆளைத் தேட வேண்டியதில்லை. விடியுமுன் துலாவில் ஏற வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கிணற்றில் இறைத்தவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதற்கும் வேறு தொழில் நாடியதற்கும் இதுவும் ஒரு துணை. பம்பியைப் பழித்து எழுதுவது எளிது. அதனை வாங்கியவன் ஏன் வாங்கினான் என்பது துலா மிதித்தவனுக்குத் தெரியும்.

பம்பி வந்த காலத்தோடு ஒட்டி அரசாங்கத்தின் கொள்கையும் மாறியது. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு அது என்றும் காணாத சந்தை. மூன்று பரப்புச் செய்தவன் முப்பது பரப்புச் செய்தான், குத்தகைக்கு நிலம் எடுத்தான், கல்வீடு கட்டினான். மண்ணிலே குழை தாழ்ப்பதற்குப் பதிலாக இரசாயன உரம் இட்டான். வேண்டிய அளவுக்கு மேற்பட்ட நீர் பாய்ந்தபோது, பயிர் உண்ணாத நைத்திரேற்று அந்நீரோடு செம்மண்ணூடும் கல்வெடிப்பூடும் இறங்கிக் கிணற்றிலே சேர்ந்தது. அதே நீர் மறுபடியும் இறைக்கப்பட்டது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்த்தன. 1980களில் நடந்த ஆய்வுகளிலே, தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லையைக் கடந்திருந்தமை தெரியவந்தது. தோட்டத்துக்கு இறைக்கும் கிணறே வீட்டுக்குக் குடிநீர்க் கிணறும் ஆகையால் இது தோட்டத்தோடு நின்ற விஷயமன்று. கரையோர ஊர்களிலோ கோடையின் முடிவிலே கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கியது. முதலில் வெற்றிலையும் வாழையும் வாடும். பின்பு வாய்க்குத் தெரியும்.

நிலத்தடி நீரை நிரப்புவதற்கு முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு ஒன்றும் இக்காலத்திற் கைவிடப்பட்டது. குடாநாட்டிலே ஊர்தோறும் உள்ள குளங்களும் கேணிகளும் எண்ணினால் ஆயிரத்தளவில் வரும். வன்னிக் குளங்களைப்போல் மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்சுவதற்கு அவை அமைந்தவையல்ல. மாரிநீரைத் தேக்கி, மெல்ல மெல்ல நிலத்துள்ளே இறக்கி, அயற் கிணறுகளை ஊறச் செய்வதே அவற்றின் தலையாய பயன். கோடையிலே அவற்றைத் தூர்வாரி, அந்த வண்டல் மண்ணை வண்டியிலேற்றித் தோட்டத்துக்கு இடுவர். குளமும் ஆழமாகும், தோட்டமும் உரம்பெறும். உரமூட்டை கடையிலே கிடைத்தபின் வண்டல் அள்ளுவாரில்லை. தூர்ந்த குளம் பள்ளக் காணியாய்த் தெரிந்தது. பள்ளக் காணியை மண்ணிட்டு நிரப்பிக் கட்டடம் கட்டினர்.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே கண்டோர் இல்லாமலில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களிலே யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை வகுத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியிலே மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் செலுத்துவது அதன் சுருக்கம். கடலுக்குச் செல்லும் வாய்களைத் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகளால் அடைத்து, உவரைக் கழுவி வெளியேற்றினால், சூழவுள்ள கிணறுகளெல்லாம் மேலும் நன்னீர் ஊறும் என்பது அவர் கருத்து. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகள் கட்டப்பட்டன. திட்டத்தின் வேறு சில பகுதிகளும் நடைபெற்றன. முழுமையாக அது ஒருபோதும் முடியவில்லை. அணைக்கதவுகள் பழுதுபட்டன. பின்பு போர் வந்தது.

போர்க்காலத்திலே, 1990க்குப் பின், குடாநாட்டுக்கு வரும் எரிபொருள் கட்டுப்படுத்தப்பட்டது, மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் பொன்போல் அருமையாயிற்று. வலிகாமம் வடக்கின் செழித்த செம்மண் நிலங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயமாய்ப் பல ஆண்டுகள் தரிசு கிடந்தன. 2009இல் போர் முடிந்தபின் பகுதி பகுதியாக அவை விடப்பட்டபோது, தம் காணியின் எல்லையைக் காணமுடியாதிருந்தவர் பலர். வேலி இல்லை, வீடு இல்லை, பனையும் இல்லை. பற்றைக்குள்ளே தேடிக் கிணற்றைக் கண்டபின்னரே, அதிலிருந்து இத்தனை பாகம் மேற்கே தம் காணி என்று அளக்கத் தொடங்கினர்.

போருக்குப் பின் எழுந்த பெருங்கேள்வி குடாநாட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வருவது என்பதாயிற்று. கனகராயன் ஆற்றின் குறுக்கே ஆங்கிலேயர் காலத்திற் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டுவரும் திட்டம் 2010களிலே முன்வைக்கப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே நீர் போதாத ஆண்டுகள் உண்டு. குழாய் போட்டபின் வரட்சி வந்தால் மதகை யாருக்குத் திறப்பது என்று அவர்கள் கேட்டனர். யாழ்ப்பாணத்திலே சிலர் இதனைத் தன்னலம் என்றனர். அது நியாயமான தீர்ப்பன்று. தம் குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, அது எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று ஆண்டுதோறும் கூடிக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள், தம் நிலத்தடி நீரை ஒருபோதும் கணக்குப் பார்த்திராத அயலாருக்கு அளிக்கத் தயங்கினர் என்பதே பொருந்தும். முடிவிலே கடல்நீரை உவர்நீக்கிக் குடிநீராக்கும் ஆலை வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே அமைக்கப்பட்டு, 2024இல் திறந்துவைக்கப்பட்டது. காலடியிலே நன்னீர் மிதக்கும் நாடு, பெருஞ்செலவிலே கடலைக் காய்ச்சிக் குடிக்கப் புறப்பட்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அங்கே நீர் காய்ச்சப்படுவதில்லை. மெல்லிய சவ்வுகளூடு மிகுந்த அமுக்கத்தில் செலுத்தி உப்பைப் பிரிக்கின்றனர். செலவு மட்டும் மிகையன்று.

ஆலை நீர் வீட்டுக்குத்தான். தோட்டம் இன்றும் கிணற்றையே நம்பியிருக்கிறது. தூவற் பாசனமும் சொட்டுநீர்ப் பாசனமும் அண்மைக் காலத்திலே சில தோட்டங்களில் இடம்பிடித்துள்ளன. செடியின் அடியிலே துளி துளியாய் நீரை விடும் சொட்டுமுறை, பாத்தி நிறைய நீர்விடும் பழக்கத்தினும் மிகக் குறைந்த நீரைக் கேட்கும். மண்ணூடு கீழிறங்கும் நைத்திரேற்றும் குறையும். ஆனால் வெங்காயப் பாத்தியிலே நெருங்கி நிற்கும் பயிருக்குச் சொட்டுக்குழாய் போடுவது எளிதன்று. வில்லையைப்போற் கரையும் சுண்ணாம்பு நீர் குழாயின் சிறு துளைகளை அடைத்துவிடுவதும் உண்டு. ஆகையாற் பலர் பம்பியின் வாயிலே நீண்ட குழாயைப் பூட்டிப் பாத்திவரை கொண்டுசென்று இறைக்கின்றனர். வாய்க்காலில் ஊறிப் போகும் நீராவது இதனால் மிஞ்சுகிறது. மண்வாய்க்கால்கள் பல இடங்களில் மறைந்துவிட்டன. ஆடுகாலாய் நின்ற பூவரசுகளுட் சில மட்டும் கிணற்றடியிலே தழைத்து நிற்கின்றன. காணி கைமாறும்போது நொத்தாரிசு எழுதும் உறுதியிலோ, கிணற்றில் இன்ன பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்னும் வாசகம் இன்றும் எழுதப்பட்டு வருகிறது. எத்தனை கலன் என்பதற்கு அதில் இடமில்லை.